பன்னிரண்டுக்குப் பத்து

அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டதும் அம்மா, தங்கை திரிபுரா, நான் மூன்று பேரும் சுவரை அண்ணாந்து பார்த்து அவரவர் முகத்தைத் தேடினோம். தன் முகத்தை முதலில் தேடாமல் குரூப் போட்டோ பார்க்கிறவர் யாராவது உலகத்தில் இருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம். திரிபுரா கிடைத்தாள். பெங்களூரில் குடித்தனம் நடத்தும் நடுத்தங்கை விசாலமும் அவள் புருஷன் ஜகதீசனும் கிடைத்தார்கள். சித்தப்பாவின் வழுக்கைகூடப் பளிச்சென்று கிடைத்தது. இடது ஓரத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு காது இருந்தது. காதில் தோடு. பக்கத்தில் கன்னத்தில் ஒரு கீற்று. அவ்வளவுதான் நான்.

"படம் நன்னா வந்திருக்கு, இல்லையா?" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"நான் எங்கே?" என்று கேட்டேன்.

"அதோ ஓரத்துல இருக்கியே. ஃப்ரேம் கொஞ்சம் முழுங்கிடுத்து. ஊர்லே இல்லாத அதிசயமா? போய் ரவையை வறு. நான் ரயிலடிக்குப் போகணும்."

போன மாதம்தான் அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. அன்று எடுத்த படம் இது. பெண்டாட்டி பிள்ளைகள், தம்பிமார், மாப்பிள்ளை, பேரன் பேத்தி என்று பதினெட்டுப் பேர். அதில் நான் நிற்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் வீட்டில் முணுமுணுப்பு ஓடியது. என் புருஷன் திருச்சியில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து குடிவைத்ததும் நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைசூருக்கு வந்துவிட்டவள். மங்களமான படத்தில் வாழாவெட்டி எதற்கு என்று சித்தி சொன்னாள். "அன்னபூர்ணி நிக்கலேன்னா நானும் நாற்காலியில உக்காரலை" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா ஆயுசில் பிடித்த ஒரே பிடிவாதம் அது. அப்பா சரி என்றுவிட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

போன வாரம் ஸ்டுடியோவிலிருந்து வெறும் படம் வந்தபோது ஆசை தீரப் பார்த்திருந்தேன். அதில் என் முகம் முழுசாக இருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். அப்பா அதை மண்டி மொஹல்லாவில் ஃப்ரேம் போடக் கொடுத்து, இன்றைக்கு வாங்கி வந்து மாட்டினார். இன்றைக்கென்று ஏன் அவசரம் என்றால், மாலையில் பெங்களூரிலிருந்து திரிபுராவைப் பெண்பார்க்க வருகிறார்கள். பையனுக்கு அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலை. திரிபுரா அவன் போட்டோவைத் தன் ரவிக்கைகளுக்கு நடுவில் வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

அப்பா கிளம்பினதும் ரவையைப் பாதியில் இறக்கிவைத்தேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி அளந்தேன். ஃப்ரேமின் முதுகில் பென்சிலால் 12 x 10 என்று எழுதியிருந்தது. முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடம் பதினொன்றே கால்தான் இருந்தது. மேலும் கீழும் அதே கதை. இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் இஞ்சைக் கடைக்காரன் சாப்பிட்டிருக்கிறான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. எதில்தான் சொன்ன அளவு இருக்கிறது? ஒன்பது கஜம் என்று வாங்குகிற புடவை முதல் தண்ணீரிலேயே முழங்காலுக்கு ஏறுகிறது. ஆறடிக் கட்டில் என்று வாங்கினோம். சித்தப்பா படுத்தால் கால் இரண்டும் கம்பிக்கு வெளியே நிற்கின்றன. அப்பாவின் ஏழாம் நம்பர் செருப்பு ஒரு கடையில் கடிக்கிறது, இன்னொரு கடையில் கழன்று ஓடுகிறது. இதையெல்லாம் சகித்துக்கொண்டு இருந்தாயிற்று. முகத்தில் வந்து கைவைத்தால் சும்மா இருக்க முடியுமா?

படத்தைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றினேன்.

"எங்கேடி தூக்கிண்டு போறே?" என்று அம்மா பதறினாள். "அவா வரப்போ சுவர் மூளியா இருந்தா அப்பா என்னைத் தின்னுடுவார்."

"அதுக்குள்ள வந்துடுவேன். ரவையைப் பாத்துக்கோ."

அக்ரஹாரத்திலிருந்து மண்டி மொஹல்லாவுக்கு ஜட்கா பிடித்திருக்கலாம். உட்கார முடியும் என்று தோன்றவில்லை. நடந்தேன், ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். நஞ்சுண்டசாமியின் ஃப்ரேம் கடை மிளகாய் மண்டிக்கு அடுத்த சந்தில் இருந்தது. சந்து முழுக்கத் தும்மல். நான் தும்மிக்கொண்டே போய்ப் படத்தை அவர் மேஜைமேல் வைத்து, டேப்பை நீட்டி, "பன்னெண்டுன்னு சொல்லிப் பதினொண்ணே கால் குடுத்திருக்கேளே, இது நியாயமா?" என்று கத்தினேன்.

நஞ்சுண்டசாமி கோந்துக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "அம்மாவ்ரே, சும்னே கூச்சல் போடாதீங்க. பன்னெண்டுக்குப் பத்துன்னா அது கண்ணாடி அளவு. கழட்டி அளந்து நோடி. நூல் பிசகினா என் பேரை மாத்திக்கிறேன்."

"கண்ணாடி எப்படி இருந்தா எனக்கென்ன? பாக்கற இடம் குறையறதே!"

"கண்ணாடி எதுமேல நிக்கும்? உள்ளே சுத்தி ஒரு விளிம்பு வேணும். விளிம்புன்னு இருந்தா படத்தைக் கொஞ்சம் மறைக்கும். மறைக்கக் கூடாதுன்னா கண்ணாடி கழண்டு உங்க தலையில விழும். எது வேணும்?"

"அப்போ பதினொண்ணே கால்னு எழுதி வெக்கறது!"

"எழுதினா, பன்னெண்டு இஞ்ச் படம் வெச்சிருக்கிறவன் என் ஃப்ரேம் பத்தாதுன்னு எதிர்க் கடைக்குப் போவான். எதிர்க் கடைக்காரன் இதே ஃப்ரேமைப் பன்னெண்டுன்னு சொல்லித் தள்ளிடுவான். உள்ளே போறதை வெச்சுத்தான் இதுக்குப் பேரு, வெளியே தெரியறதை வெச்சு இல்லே. நான் மட்டும் என்ன, இந்தக் கட்டையை முக்கால் இஞ்ச்னுதான் வாங்கறேன். இழைச்சா அரை இஞ்ச்தான் நிக்குது. நான் யார்கிட்டே போய் அழ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. ஆளை ஏமாற்றிவிட்டு அசடு வழிகிறவனோடு சண்டை போடலாம். காரணம் சொல்லுகிறவனோடு எப்படிப் போடுவது? நான் டேப்பைச் சுருட்டியதைப் பார்த்து, வம்பு விட்டது என்று நினைத்தோ என்னவோ, அவர் படத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"யார் எடுத்தது? சுப்பையாவா? அப்போ அவனைப் போய்க் கேளுங்க. ஃப்ரேம் ஓரத்தைத் திங்கும்னு எல்லா ஸ்டுடியோக்காரனுக்கும் தெரியும். தின்னட்டும்னுதான் ரெண்டு பக்கமும் பூந்தொட்டி வைப்பான். வலது பக்கம் பாருங்க, தொட்டி இருக்கு. இடது பக்கம் தொட்டி இருக்கிற இடத்துல உங்களை நிறுத்தியிருக்கான். அவன் என்ன நேத்து கடை திறந்தவனா? யாரும் சொல்லாம இப்படி நிறுத்த மாட்டான்."

எனக்குத் தும்மல் நின்றுவிட்டது.

அன்று சத்திரத்து முற்றத்தில் சுப்பையா திரை கட்டி, இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை இரண்டு கோடியிலும் வைத்திருந்தார். எல்லோரும் வரிசையில் நின்றாயிற்று. அப்பா எழுந்து போய் அவர் காதில் ஏதோ பேசினார். உடனே சுப்பையா வந்து இடது பக்கத்துத் தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, "நீங்க இங்க வாங்கம்மா. இன்னும் கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம்" என்றார். அப்பா எனக்காக இடம் பண்ணச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துத்தான் நான் படத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஸ்டுடியோ நாலு தெரு தள்ளி. படத்தை நஞ்சுண்டசாமியிடமே விட்டுவிட்டுப் போனேன். சுப்பையா கொள்ளேகாலத்துக்காரர், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டுப் பேசுகிறவர். என்னைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. நாற்காலியைத் துணியால் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை.

"தொட்டியை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நானென்னங்க பண்றது? ஐயர் சொன்னாருங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ அம்மா அழறா, படத்துல நிக்கட்டும், ஆனா ஃப்ரேம் போட்டா தெரியப்படாதுன்னாருங்க. கெட்ட எண்ணம் இல்லீங்கம்மா. சின்னப் பாப்பாவுக்குக் கலியாணம் முடியட்டும், அப்பறம் மெல்லிசு விளிம்பா ஃப்ரேம் மாத்திக்கலாம்னாருங்க."

அந்த மனிதர் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவள் நானில்லை, இருந்தாலும் கூசியது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் நடந்தேன். மணிக்கூண்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன். வெற்றிலை விற்கிற பெண்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு பக்கம் அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மைசூர் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ஹெட் கிளார்க். போன வருஷம் பலகையைத் தெற்கு ரயில்வே என்று மாற்றி எழுதினதற்கே, "பேரை மாத்தினா ரயில் மாறிடுமோ?" என்று நாலு நாள் சாப்பாட்டு வேளையில் பொருமினவர். அவர் தன் பெண்ணைப் பூந்தொட்டி இடத்தில் நிறுத்தியிருக்கிறார். இன்னொரு பக்கம் திரிபுராவின் முகம் வந்து நின்றது. எனக்கு வந்த கதி தனக்கும் வருமோ என்று பயந்துகொண்டே வளர்ந்த குழந்தை அவள். இதற்குமுன் வந்த இரண்டு வரன்கள் அக்கா பிறந்தகத்தில் இருக்கிறாள் என்றதும் வாசலோடு போய்விட்டார்கள். ஒரு சாயங்காலம் காதாக மட்டும் இருந்துவிட்டுப் போனால் எனக்கு என்ன குறைந்துவிடும்? கோபம் தணிந்து, கிட்டத்தட்ட வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

வலது பக்கத்துத் தொட்டி ஞாபகம் வந்து நின்றேன். பதினெட்டுப் பேரில் யாரையும் ஒரு மயிரிழை குறைக்காமல் எனக்கு இடம் விட்டிருக்க முடியும். ஒரு குரோட்டன்ஸ் செடி மட்டும் வலது பக்கத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தச் செடி அளவுக்குக்கூடவா நான் ஆகவில்லை? விறுவிறுவென்று ஃப்ரேம் கடைக்கே திரும்பினேன்.

"படத்தை வலது பக்கம் தள்ளி ஒட்டுங்கோ" என்றேன் நஞ்சுண்டசாமியிடம். "அந்தப் பக்கம் மிஞ்சறதை வெட்டிடுங்கோ. தொட்டிதானே போகும்."

"ஐயர் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் முனகிக்கொண்டே ஆணிகளைப் பிடுங்கி, படத்தை வெளியே எடுத்து, வலது ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, அட்டையில் நகர்த்தி ஒட்டினார். இடது பக்கம் படத்தின் விளிம்பு தெரியாமலிருக்கக் கறுப்புக் காகிதம் வைத்தார். "ஆய்த்து" என்று திருப்பிக் காட்டினார். நான் முழுசாக நின்றுகொண்டிருந்தேன். வலது கோடியில் நாலு இலை மட்டும் மிச்சம்.

வீட்டில் மாட்டியபோது அம்மா கிட்டத்தில் வந்து என் முகத்தின்மேல் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அப்பா செய்தது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "என்ன செஞ்சார்?" என்றாள். அந்தக் குரலில் கள்ளம் இல்லை. அதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. நான் சமையலறைக்கு ஓடினேன். உள்ளே வேலை இருக்கும், கூடத்துப் பக்கம் வராதே என்று அப்பா காலையில் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

பையன், அவன் அப்பா, அவன் அம்மா சுந்தராம்பாள் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். அப்பா சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் படத்தைப் பார்க்கவில்லை. பெங்களூர் வெயில், ரயில் கூட்டம், தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பேச்சு போயிற்று. கேசரிபாத் போயிற்று. திரிபுரா நமஸ்காரம் பண்ணினாள், ஒரு கீர்த்தனை பாடினாள், நடுவில் குரல் நடுங்கினாலும் சமாளித்துக்கொண்டாள். பையன் குனிந்த தலை நிமிராமல் சிரித்தான். நல்ல பையன் என்று தோன்றிற்று. நான் கதவிடுக்கில் பார்ப்பதும் அடுப்புக்குத் திரும்புவதுமாக இருந்தேன். பாலைப் பொங்க விட்டேன், மறுபடி வைத்தேன். யாராவது அந்தப் படத்தைப் பார்த்துத் தொலைக்க மாட்டார்களா என்றும் இருந்தது, பார்த்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

காபித் தட்டை அம்மா தூக்கிப் பார்த்துக் கனம் தாங்காமல் கீழே வைத்தாள். நானே எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பாவின் முகம் மாறியது. அதே சமயம் சுந்தராம்பாள் மாமி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"ஓரத்துல நிக்கறது இவாதானே? யாரு இவா? ரெண்டே பொண்ணுன்னு தரகர் சொன்னாரே?"

அப்பா திரும்பிப் படத்தைப் பார்த்தார். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. திரிபுரா தலைப்பு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துவிட்டது. அன்று முழுக்க ஊரைச் சுற்றிச் சண்டை போட்ட ரோஷம் எல்லாம் எங்கே போயிற்றோ, எனக்குப் பயம்தான் வந்தது. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்.

"நான் இவாளுக்குத் தூரத்து உறவு மாமி. கூடமாட ஒத்தாசைக்கு இருக்கேன். காபி எடுத்துக்கோங்கோ" என்றேன். என் குரல் எனக்கே இயல்பாகக் கேட்டது.

சுந்தராம்பாள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அதானே" என்றாள்.

"இல்லை" என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்க்காமல் அந்த மாமியைப் பார்த்துப் பேசினார். "இவ என் பொண்ணு. மூத்தவ, அன்னபூர்ணி. புருஷனோட வாழலை, இங்கேதான் இருக்கா. ரெண்டு பொண்ணுன்னு தரகர்கிட்ட சொல்லச் சொன்னது நான்தான்."

அதற்கப்புறம் பேச்சு எடுபடவில்லை. அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். பையனின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊருக்குப் போய் எழுதறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எந்த வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டாம். பையன் மட்டும் வாசற்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திரிபுரா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஜட்கா தெருமுனை தாண்டினதும் அப்பா கதவைச் சாத்திவிட்டு என்மேல் பாய்ந்தார். அவர் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதில்லை.

"தூரத்து உறவா? ஒத்தாசைக்கு இருக்கியா? நான் உயிரோட உக்காந்திண்டிருக்கேன், என் எதிர்ல என் பொண்ணு அப்படிச் சொல்லலாமா? உன்னை யாருடி அப்படிச் சொல்லச் சொன்னா?"

"நீங்கதான்" என்றேன்.

ஸ்டூல் இன்னும் சுவரோரம் கிடந்தது, அப்பா அதில் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

"ஆமாம்" என்றார்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கி வந்த அன்றுகூட அவர் அழவில்லை. அவர் அழ வேண்டும் என்று ஸ்டுடியோவை விட்டு வந்ததிலிருந்து எத்தனையோ தடவை நினைத்தேன். அழுததும் எனக்குத் தாங்கவில்லை. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். நான் நிற்க முடியாமல் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

திரிபுரா அங்கேதான் துவைக்கிற கல்லில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் டம்ளர்களைத் தேய்க்க ஆரம்பித்ததும் இறங்கி வந்து ஒவ்வொன்றாக வாங்கி அலம்பினாள்.

"அவா எழுத மாட்டா இல்லையா, அக்கா?"

"மாட்டா" என்றேன்.

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "உன்னைத் தூரத்து உறவுன்னியே, அப்போ எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். என் கையெல்லாம் சாம்பலும் புளியும். அப்படியே அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், பட்டு வீணாகிப் போனால் போகட்டும் என்று.